வலியறிதலும் வேகமும்: ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருளின் ஆற்றலுக்கு எல்லை வகுக்கும் உரிமை யாருக்குரியது? வகுத்த எல்லையைக் கடத்தல் துணிவா, சிக்கனமா, பேராசையா? அறவியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாக்கள், பழைய கணினி ஒன்றின் முன் அமர்ந்திருக்கும் மலையக இளைஞனிடத்தும் இன்று எழுகின்றன.

மஸ்கெலியாத் தோட்டமொன்றின் லயன் காம்பராவில் அத்தகைய இளைஞன் ஒருவன் இருக்கின்றான் எனக் கொள்க. அவனுடைய கணினி பல ஆண்டுகள் பழையது. புதிய விளையாட்டுகள் அதில் ஓடத் திணறுகின்றன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததிலிருந்து, புதியதொரு கணினி தோட்டக் குடும்பத்துக்கு எட்டாக் கனியாயிற்று. ஆகவே, உள்ள கணினியின் வேகத்தைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேலாக உயர்த்த அவன் முற்படுகின்றான். ‘ஓவர்குளொக்கிங்’ என வழங்கும் இச்செயலைத் தமிழில் மிகைவேகமூட்டல் எனலாம்.

கணினியின் மூளை எனத்தக்க செயலி, உள்ளிருக்கும் கடிகாரமொன்றின் துடிப்புக்கு இசைய இயங்குவது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில் அத்துடிப்பு செக்கனுக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம். இன்று பழையன எனக் கழிக்கப்படும் கணினிகள் பலவற்றில் அது 300 கோடியளவினது. துடிப்பை விரைவாக்கின் வேலை விரைந்து முடியும். ஆயின், விரைந்த துடிப்பிற் பிழையின்றி இயங்குவதற்குப் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டியிருக்கும். செயலி இயங்குகையில் நுகரும் வலு துடிப்பின் வீதத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப உயர்வது. இரண்டையும் நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டினால் வெப்பமோ ஏறத்தாழ நூற்றுக்கு 33 வீதம் கூடிவிடுகின்றது. மஸ்கெலியாவின் குளிர்காற்று இவ்வெப்பத்தைத் தணிக்க ஓரளவு துணைசெய்யும். எனினும் செயலியின் ஆயுள் குறைதல், கணக்குப் பிழைத்தல், கணினி திடீரென நின்றுபோதல் ஆகிய இடர்களை அது முற்றாக நீக்கிவிடாது.

இதனால் எல்லை கடத்தல் தவறு எனக் கூறிவிட இயலாது. தயாரிப்பாளர் பொறிக்கும் எண் இயற்கையின் விதியன்று. ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் செயலிகள் சோதிக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகின்றன. பாதுகாப்பின்பொருட்டு ஓர் இடைவெளியும் விடப்படுகின்றது. சந்தையின் தேவைக்கேற்ப, கூடிய வேகத்துக்கு உரியனவும் சிலவேளை குறைந்த வேகத்தின் பெயரால் விற்கப்படுகின்றன. 1998இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரோன் 300ஏ என்னும் செயலி 300 மெகாஹேர்ட்ஸ் எனக் குறிக்கப்பட்டிருந்தது. அதனை 450 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயக்கி வெற்றி கண்டோர் பலர். தேயிலையை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. மரமாக ஓங்கி வளரவல்ல தேயிலையைக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்திவைப்பது பறிப்பதற்கு வசதியாகவும் கொழுந்து மிகுதியாகத் தளிர்க்கவுமேயாம். அதன் உயரத்தைக் கொண்டு அதன் இயல்பை அளத்தல் பொருந்தாது. அவ்வாறே, தன் கணினியில் உறங்கும் ஆற்றலை எழுப்ப விழையும் இளைஞன் எவரிடமிருந்தும் எதனையும் களவாடுபவன் அல்லன்.

ஆயினும், பொறித்த எல்லை பிறரால் இடப்பட்டது என்பதனால், பொருளுக்கு எல்லையே இல்லை என்றாகிவிடாது. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டியை எடுத்துக்காட்டுகின்றார். மென்மையான பீலியும் அளவுக்கு மிஞ்சின் அச்சினை முறித்துவிடும். மிகைவேகமூட்டலை நன்கறிந்தவன் இவ்வுண்மையைத் தன் பயிற்சியாலேயே உணர்கின்றான். அவன் வேகத்தைச் சிறிது சிறிதாகவே உயர்த்துகின்றான். ஒவ்வொரு படியிலும் மணிக்கணக்காகச் சோதிக்கின்றான். வெப்பநிலையை இடைவிடாது நோக்குகின்றான். பிழையொன்று தோன்றியதும் ஒரு படி கீழிறங்குகின்றான். அவனிடத்துக் காணப்படும் சிறந்த பண்பு, பின்வாங்கத் தெரிந்திருத்தலேயாகும்.

வெறும் விளையாட்டுக்காக இத்துணை இடரை ஏற்கலாமா என வினவுவோர் உளர். உழைப்பைக் கொண்டே மதிக்கப்பட்டுவந்த ஒரு சமூகத்தின் இளைஞர்க்கு விளையாட்டும் ஓய்வும் உரிமை அல்லவா என்பதே அவர்க்கு விடை. உண்மையான தடை வேறிடத்தில் உள்ளது. அக்கணினி யாருடையது? தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் அது வாங்கப்பட்டிருக்கலாம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொவிட் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டுக் கற்பித்தல் இணையத்துக்கு மாறியபோது, ஒரு கணினியின் அருமையை மலையகக் குடும்பங்கள் நன்குணர்ந்தன. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் தங்கையின் பாடக்குறிப்புகளும் அதனுள்ளேயே இருக்கக்கூடும். செயலி பழுதடைந்தால் இழப்பு அவனோடு நின்றுவிடாது. எனவே, ‘இக்கணினி இவ்வேகத்தைத் தாங்குமா?’ என்பதற்கு முன்னதாக, ‘இது தாங்காதுபோயின் அதன் விளைவைத் தாங்குபவர் யார்? அவரிடம் கேட்டாயிற்றா?’ என்ற வினா எழவேண்டும்.

இவ்வினாவே தாயின் தொழிலிடத்துக்கும் இட்டுச்செல்கின்றது. அவள் மலையிற் கொழுந்து பறிப்பவள். நாளொன்றுக்கு இத்தனை கிலோ பறித்தாற்றான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர் என்பது தோட்டங்களிற் பழகிப்போன கணக்கு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட பின்னர், அதற்கீடாகப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை பற்றித் தோட்டங்கள் பலவற்றிற் பிணக்குகள் மூண்டன. இங்கும் ஓர் எண் உயர்த்தப்படுகின்றது. நேற்று இத்தனை கிலோ பறித்த கை இன்று இன்னும் இரண்டு கிலோ பறிக்காதா என்ற தருக்கம், மிகைவேகமூட்டலின் தருக்கத்தையே ஒத்தது. பயிற்சியால் மனிதனின் திறன் வளர்வதும், கூடுதலாகப் பறிப்பவர்க்குக் கூடுதற் பணம் கிடைப்பதும் மறுக்கத்தக்கவை அல்ல. விரும்பித் தன் வேகத்தைக் கூட்டுபவளைத் தடுக்க எவர்க்கும் உரிமை இல்லை.

ஆனால் ஒப்புமை இவ்விடத்தில் முறிகின்றது. கணினியின் வேகத்தை உயர்த்துபவன் வெப்பமானியைத் தன் கண்முன்னே வைத்திருக்கின்றான். கொழுந்தின் நிறையை உயர்த்தும் எண்ணோ, மலைச்சரிவிற் கூடை சுமக்கும் முதுகின் நோவைக் காட்டுவதில்லை. செயலி தாங்காதபோது தானே நின்றுவிடுகின்றது. பிள்ளைகளின் பசியை நினைக்கும் தாய் அவ்வாறு நின்றுவிட மாட்டாள். பொருளுக்கு விலை உண்டு, மனிதர்க்கு மாண்பு உண்டு என இம்மானுவேல் கான்ற் 1785இல் வகுத்த வேறுபாட்டின் வலிமை இவ்விடத்திலேயே புலனாகின்றது. பழுதான செயலிக்குப் பதிலாக இன்னொன்றைப் பொருத்தலாம். தேய்ந்த முதுகுக்கு மாற்று இல்லை. தேயிலைச் செடிக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்தின் பெயரால் ஓய்வு தரும் தோட்டம், அச்செடியிற் பறிப்பவரின் ஓய்வையும் கணக்கில் எடுத்தல் நீதியாகும்.

மஸ்கெலியாவின் நிலமே இதற்குச் சான்று பகர்கின்றது. 1960களின் பிற்பகுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கோடையில் நீர்மட்டம் தாழ்கையில் பழைய வழிபாட்டிடங்களின் சிதைவுகள் இன்றும் வெளித்தோன்றுகின்றன. அந்நீர் கனியன் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றி நாட்டுக்கு ஒளி தருகின்றது; இளைஞனின் கணினியிற் பாயும் மின்சாரத்திலும் அந்நீரின் பங்குண்டு. நாட்டின் வலு உயர்ந்தது; அதற்கான விலையை ஓர் ஊர் செலுத்தியது.

ஆதலின் எல்லைகளைக் கடத்தல் தன்னளவில் நன்றென்றோ தீதென்றோ துணிதல் பொருந்தாது. பயனைப் பெறுபவனே இடரையும் ஏற்பானாயின், அளந்து உயர்த்தி, வேண்டும்போது கீழிறங்கவும் அறிவானாயின், அது அறிவின் முயற்சியாகும். பயன் ஒருவர்க்கும் வெப்பம் இன்னொருவர்க்கும் ஆகுமிடத்து, வெப்பத்தைத் தாங்குபவரின் சொல்லே எல்லையாதல் வேண்டும். தன் கணினியின் வெப்பநிலையை ஒவ்வொரு படியிலும் நோக்கப் பழகிய இளைஞன், மாலையிற் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் தாயின் முகத்தையும் அதே கவனத்துடன் நோக்குவானாயின், அவன் கற்றது வீண்போகாது.