வந்தவர் செவிக்கு யார் பொறுப்பு?

2023 செப்டம்பரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி குளறுபடியானபோது, டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாதவர்களின் கோபம் ஊரெங்கும் பேச்சானது. நெரிசல், பார்க்கிங், பணத்தைத் திருப்பித் தருவது என எல்லாவற்றையும் அலசினோம். இதுபோன்ற மைதானங்களுக்குள் போய்விட்டவர்களின் காது என்னவாகிறது என்பதை மட்டும் கேட்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு அழைத்தவர், வந்தவரைச் செவி கெடாமல் அனுப்பிவைக்கக் கடமைப்பட்டவர். இதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை.

நம் சட்டம் காப்பது அக்கம்பக்கத்தாரைத்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு உண்டு. பொது இடத்து ஒலியை அதன் எல்லையில் வைத்துத்தான் அளக்கிறார்கள். பாக்ஸுக்கு முன்னால் நிற்பவரைப் பற்றி அதில் பேச்சில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அவரையும் நினைத்தது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, நிகழ்ச்சி நெடுக அளக்க வேண்டும், காதடைப்பான் தர வேண்டும், காது ஓய்வெடுக்க அமைதியான இடம் ஒதுக்க வேண்டும். 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடுகிறது. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. வீடு திரும்பிய பிறகும் காதுக்குள் ‘ஙொய்’யென்று இரைகிறதே, அது காது அடிவாங்கியதற்கான அடையாளம்.

நம் முன்னோருக்கு இது தெரியாததல்ல. செவியால் பெறுவதைச் செல்வங்களுக்கெல்லாம் தலையாக வைத்தார் வள்ளுவர். ஐந்தாம் அறிவைச் செவியோடு சேர்த்தது தொல்காப்பிய மரபியல். சிலப்பதிகார அரங்கேற்று காதையோ தண்ணுமை ஆசிரியனுக்கே இலக்கணம் வகுக்கிறது: மற்றக் கருவிகளின் குறையை நிரப்பவும், மிகையை அடக்கவும், தன் ஒலி மீறிப் போகாமல் காக்கவும் தெரிந்தவனே அரங்கேறத் தக்கவன். அளவறிந்து ஒலிப்பதுதான் அங்கே கலைத்திறன். மிக்சர் முன் உட்கார்ந்திருப்பவரும் இன்று அந்த ஆசனத்தில்தான் இருக்கிறார்.

உடம்பு அதிர இசை கேட்பதும் ஒரு சுகம்தான், மறுப்பதற்கில்லை. தெரிந்தே வருகிறார்கள் என்பார்கள். எதைத் தெரிந்து? டெசிபல் அளவு அச்சடித்த டிக்கெட் எங்கே இருக்கிறது? முன்வரிசையில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் நான்கு வயதுப் பிள்ளை எதற்குச் சம்மதித்தது? லட்சக்கணக்கில் கொட்டி பாக்ஸ் இறக்குபவருக்கு டெசிபல் மீட்டர் ஒரு செலவே அல்ல. அனுமதி தரும் அதிகாரிகள் அதை நிபந்தனையாகவே எழுத வேண்டும். பிள்ளைகளுக்குக் காதை மூடும் கவசம் வாசலிலேயே கிடைக்காவிட்டால் அவர்களை ஸ்பீக்கர் பக்கம் விடவே கூடாது.