பரபக்கமும் பல்கலைக்கழகமும்

பல்கலைக்கழகங்களில் உலக சமய நூல்களை ஒருங்கே கற்றல் நம் மாணாக்கரின் சைவப்பற்றைத் தளர்த்துமென்று அன்பர் சிலர் அஞ்சுகின்றனர். சித்தாந்தம் பயின்றார்க்கு இவ்வச்சம் ஆகாதென்பதே எமது துணிபு.

அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் சுபக்கத்திற்கு முன்னே பரபக்கத்தை வைத்தமை கருதற்பாலது. உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாக 14 மதங்களை எடுத்து, ஒவ்வொன்றன் கொள்கையையும் முதலில் நிறுத்திப் பின்னரே மறுக்கின்றார். அவற்றுள் ஆசீவகருடைய மூலநூல்கள் இறந்துபட்டன. இலண்டன் பல்கலைக்கழகத்து ஏ. எல். பாஷம் அச்சமயத்தை ஆராய்ந்து 1951-இல் நூல் வெளியிட்டபொழுது, மணிமேகலை நீலகேசிகளோடு சித்தியாரையும் சான்றாகக் கொண்டார். மறுக்கப் புகுந்தார் நூலிலன்றோ மறுக்கப்பட்டார் கொள்கை எஞ்சி நிற்கின்றது!

மாக்ஸ் முல்லர் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய கீழ்நாட்டுத் திருநூல் வரிசை 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகளாக வெளிவந்தது. உபநிடதமும் தம்மபதமும் குர்ஆனும் அதனுட் புகுந்தன; ஒரு சைவாகமமோ ஒரு திருமுறையோ புகவில்லை. 1900-இல் போப்பையர் அந்நகரிலேயே வெளியிட்ட திருவாசக மொழிபெயர்ப்பும் அதற்குப் புறம்பே நின்றது. குறையை முல்லர்மேலேற்றி அமைதல் எளிது. 1895-இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்த நல்லசாமிப் பிள்ளையவர்களைப் போல்வார் நம்முள் மிகச் சிலரே.

பல்கலைக்கழகம் சமயங்களின் வரலாற்றைக் கூறும். எது மெய்யென்று தீர்ப்புக் கூறாது. அவ்வினாவை மாணாக்கரே உடன்கொண்டு செல்லல் வேண்டும். ஆதலின் முதற்கண் சிவஞானபோதத்தை ஆசிரியர்பாற் பாடங்கேட்க. பின்னர்ப் பிற மறைகளை அவ்வச் சமயத்தார் உரைகொண்டே கற்க. அயலார் எழுதிய சுருக்கங்கொண்டு மறுத்தல் பரபக்கமாகாது. அரபும் பாலியும் கற்பிக்குந் துறைகள் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உள.