ஓடிப்போனவன் யார்?

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் செல்லும் மனிதனுக்கு நம் மொழியிற் பெயர்கள் பல உண்டு. நாடோடி, பரதேசி, வந்தேறி, பிழைக்க வந்தவன் என்பன அவற்றுட் சில. இவற்றுள் ஒன்றையேனும் எவரேனும் தம் மகனுக்கு வாழ்த்தாகச் சொல்லக் கேட்டதுண்டோ? பரதேசி என்னும் சொல்லுக்கு வேற்றுத் தேசத்தான் என்பதற்கு மேல் ஆதியிற் பொருளொன்றுமில்லை. அதனை வசைச்சொல்லாக்கியவர்கள் சொந்தத் திண்ணையை விட்டு இறங்காதவர்களேயன்றி வேறு யாராயிருக்க முடியும்? சொற்களுக்கு விலை வைக்கும் அதிகாரம் எக்காலத்தும் இருந்த இடத்தில் இருந்தவனிடமே இருந்து வந்திருக்கிறது. நடந்து போனவனுக்கு அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

பழந்தமிழ்ப் புலவர்கள் இவ்விஷயத்தில் ஓரளவு நேர்மையுடையவர்கள். பொருள்வயிற் பிரிவென்று ஒரு துறையையே வகுத்து, பாலைவழியின் வெம்மையையும் வாயிலில் நின்று நாளெண்ணுகிறவளின் துயரத்தையும் பாடினார்கள். ஆயினும் நாம் படித்த அளவில் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. அவன் சென்ற ஊரார் அவனை எப்படி நடத்தினர், படுக்க இடங் கொடுத்தனரா, கூலியைச் சரியாய் அளந்தனரா என்று அப்பாட்டுக்கள் கேட்பதில்லை. ஆற்றுப்படைகள் பாணனை வரவேற்ற ஊர்களையும் அங்குக் கிடைத்த சோற்றையும் விரிவாய்ச் சொல்லுகின்றன என்பது உண்மையே. ஆனால் பாணன் இரண்டொரு நாளிற் பரிசிலோடு போய்விடும் விருந்தாளி. மண்வெட்டி தூக்கி வந்து மாதக்கணக்கில் தங்கி உழைப்பவனுக்கு அந்த ஊர் என்ன கடமைப்பட்டது என்பது வேறு கேள்வி. அக்கேள்வியை நாம் எழுப்புவது படிப்பினாலன்று. கையில் செக்ரோல் புத்தகம் இருப்பதனால்.

நாம் புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் விளக்கின் கீழ் நின்று பெயர் கூப்பிடுவது நம் நாளின் முதல் வேலை. ஒரு காலத்தில் மாரியம்மாள், முனியாண்டி, காளிமுத்து என்று நிறைந்திருந்த ஏட்டில் இப்பொழுது வங்காளதேசத்தார், இந்தோனேசியர், நேப்பாளத்தார் பெயர்களே பக்கம் பக்கமாய் இருக்கின்றன. பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளில் நம்மவர் போய் அவர்கள் வந்தார்கள். நம்மவர் எங்கே என்றால், அவர்களும் வழியில்தான் இருக்கிறார்கள். கோலசிலாங்கூரிலிருந்தும், 2007-ஆம் ஆண்டு வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய பெஸ்தாரி ஜெயாவிலிருந்தும் விடியற்காலையில் ஒப்பந்தக்காரரின் வேன் புறப்படுகிறது. உரம் போடவும் மருந்தடிக்கவும் போகும் பெண்டிர் சோற்றுத் தூக்கை மடியில் வைத்து அதில் நெருங்கியிருக்கிறார்கள். இன்று எந்தத் தோட்டம் என்பது வேன் திரும்பும் முச்சந்தியில்தான் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகளோ ஜொகூர்ப் பாலத்தில் இருள் பிரியுமுன் மோட்டார் சைக்கிளில் வரிசையாய் நின்று சிங்கப்பூருக்குப் போய் வருகிறார்கள். ஆகவே வழிநடைப் பிழைப்பு யாரோ அந்நியருடைய விதி என்று எண்ணிவிட வேண்டாம்.

நிற்க. நம்மவர் இந்நாட்டுக்கு வந்த விதத்தைச் சற்றே நினைவுகூர்வது அவசியம். தஞ்சை, திருச்சி, சேலம், வடார்க்காட்டுக் கிராமங்களில் மழை தவறிய ஆண்டில் கங்காணி வருவான். வெள்ளை வேட்டி, கைக்கடிகாரம், கைநிறைய வெற்றிலை. அவன் சொல்லிய கதையில் பாதியை நம்பினவர்கள் நாகப்பட்டினத்திலோ சென்னைக்கடுத்த ஆவடியிலோ உள்ள முகாமில் அடைக்கப்பட்டு, கப்பலின் மேல்தட்டில் ஏற்றப்பட்டு, பினாங்கிற்கெதிரே ஜெரஜாத் தீவிலோ சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலோ நோய்த்தடுப்புக் காவலிருந்து, பிறகுதான் மலாயாவின் மண்ணை மிதித்தார்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பலின் பெயரை அறியாத பழைய தோட்டத்துக் குடும்பம் இல்லையென்றே சொல்லலாம். ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910-இல் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதற்குமுன் 1907-லேயே முதலாளிமாரிடம் வரி தண்டி இலவசக் கப்பற் பிரயாணம் தரும் நிதியொன்று ஏற்பட்டுவிட்டது. கடல் கடக்கக் காசு வேண்டியதில்லை. ஆயினும் முன்பணம், துணி, வழிச்செலவு என்று கங்காணியின் கணக்கில் கடன் ஏறியிருக்கும். ஆள் வேலைக்குத் திரும்பிய நாளுக்குத் தலைக்கு இவ்வளவென்று கங்காணிக்குத் தலைக்காசு வேறு. ஒருவன் காய்ச்சலிற் படுத்தால் நட்டம் இருவருக்கு. எனவே காய்ச்சல்காரனை எழுப்புவதற்கு ஒருவன் எப்பொழுதும் தயாராயிருந்தான்.

ரப்பர் விலை விழுந்த 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்லாயிரவரைக் கப்பலேற்றித் திருப்பியனுப்பினார்கள். விலை ஏறியதும் மீண்டும் அழைத்தார்கள். 1938 ஜூனில் இந்திய சர்க்கார் உதவிப் பிரயாணத்தையே தடுத்த பின்னரே அந்த வாயில் மூடிற்று. ஜப்பானியர் காலத்தில், 1942-க்கும் 1945-க்கும் இடையே, இதே தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிச் சென்று 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதையில் விட்டார்கள். போனவர்களிற் பலர் மீளவில்லை. 1969-இல் குடியுரிமையில்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கேயே மூப்படைந்தவர்கள் கூடப் பெட்டி கட்டினார்கள். வேலைக்கு வேண்டியபோது ஆள், வேண்டாதபோது அந்நியன். இலங்கையில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாய் மலையில் தேயிலை பறித்தவர்களை நாடற்றவராக்கியதும் இதே கணக்கைக் கொண்டுதான்.

இனி நம் வீட்டுக் கதை ஒன்று. எம் பாட்டனாரின் தந்தையார் முதலில் வந்திறங்கியது பேராக்கில் ஒரு தோட்டம். கங்காணியின் கடன் வளர்ந்துகொண்டே போகவே, ஒருநாள் இரவு மனைவியையும் ஒரு சட்டியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். பகலில் ரப்பர்க் காட்டில் ஒளிந்தும் இரவில் ரயில் பாதையோரம் நடந்தும் சிலாங்கூருக்கு வந்து சேர்ந்தார். இக்கதையை எம் பாட்டியார் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் பாம்பு ஒன்று கூடும், ஆறு சற்று அகலும். கேட்டிருக்கும் பிள்ளைகளாகிய எமக்கு அவர் வீரரென்பதில் ஐயமேயில்லை. கடனைக் கட்டாது வந்தாரே என்று அவ்வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. நாமும் கேட்டதில்லை. ஆங்கிலக் கல்வி பெற்று, துரைமார் எழுதிய பழைய தோட்டக் குறிப்புக்களைப் படிக்க நேர்ந்த பிறகுதான், அத்தகையோரை அவர்கள் 'போல்ட்டட்' என்னும் ஒரே சொல்லால் எழுதி முடித்தார்கள் என்று கண்டோம். கட்டவிழ்த்த குதிரை பிய்த்துக்கொண்டு ஓடுவதற்கும் அம்மொழியில் அதே சொல்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தோம். அங்கே ஆபீஸ் அலமாரியொன்றில் வெளிநாட்டுத் தொழிலாளரின் கடப்பிதழ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சாவி எம்மிடம். 'பத்திரத்துக்காக' என்று மேலிருந்து சொன்னார்கள். நாமும் வந்தவர்களுக்கு அப்படியே சொன்னோம். வங்காளதேசத்து வாலிபனொருவன், குலை வெட்டுவதில் கெட்டிக்காரன், ஒருநாள் மாலை வந்து நின்றான். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்காக ஊரில் நிலத்தை ஈடு வைத்திருந்தான் என்பது எமக்குத் தெரியும். மலாயும் தமிழும் கலந்து, "அண்ணே, என் புத்தகத்தை என்னிடமே கொடுங்கள். அதில் இருப்பது என் முகந்தானே?" என்றான். பெரிய துரையைக் கேட்டுச் சொல்கிறோம் என்றோம். மறுவாரம் வந்தான், துரை வெளியூர் என்றோம். அது பொய்யன்று, ஆனால் துரை திரும்பி வந்த பிறகும் நாம் கேட்கவில்லை. கேட்டால் எம் பெயர் கெடும் என்று நினைத்தோம். மூன்றாம் முறை அவன் வரவில்லை. ஒரு திங்கட்கிழமைப் பெரட்டில் அவன் பெயரைக் கூப்பிட்டபோது பதிலில்லை. அவன் அறையில் ஒரு வாளியும் தோய்த்து உலர்த்திய இரண்டு சட்டைகளும் இருந்தன. குடிநுழைவு இலாகாவுக்கு அனுப்ப வேண்டிய பாரத்தை நாமே நிரப்பினோம். 'அப்ஸ்காண்டட்' என்று எழுதினோம்; எழுத்துப்பிழை இல்லாமல்தான் எழுதினோம்.

அன்றிரவுதான் பாட்டியார் கதை நினைவுக்கு வந்தது. ஒரே செயல். கடன், இரவு, காட்டுவழி, வேறு தோட்டம். ஒன்று எம் குடும்பத்தின் பெருமை. மற்றொன்று எம் கையெழுத்தில் ஒரு குற்றம். இரண்டையும் பிரிப்பது யாது? ஓடியவர் யாருடைய பாட்டனார் என்பது ஒன்றேயன்றி வேறு யாதுமில்லை எனில், நாம் இத்தனை நாள் நியாயமென்று கொண்டாடியது உறவு முறையைத்தான்.

சிலர் சொல்லுவார்கள்: 'ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவன் வாக்கைக் காக்க வேண்டாமா? ஆளாளுக்கு ஓடினால் தொழில் எப்படி நடக்கும்?' இது தள்ளத்தக்க கேள்வியன்று. ஒப்பந்தத்தை நம்பி முதல் போட்டவனுக்கும் நட்டமுண்டு. ஆனால் வாக்கென்பது எது? மீறக்கூடியவன் மீறாதிருப்பதன்றோ வாக்கைக் காப்பது? மீற வழியில்லாதபடி அலமாரியிற் பூட்டி வைத்தபின் அங்கே வாக்கு ஏது, சாவி மட்டுந்தான் உண்டு. தோட்டத்தைக் கண்ணாற் காணுமுன்னரே கடனாளியாகி, தான் வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்திட்டவனிடம், மானஸ்தனுக்குரிய நாணயத்தை எதிர்பார்ப்பவர்கள், முதலில் அவனை மானஸ்தனாக நடத்தட்டும்.

மற்றொரு ஆட்சேபம் இதனினும் கூரியது. அது எம்மவரிடமிருந்தே வருகிறது. காப்பிக் கடையில் வேனுக்குக் காத்திருக்கும் ஒரு தாயார் எம்மிடம் சொன்னார்: "தம்பி, நாங்கள் கேட்ட கூலி கொடுக்காமல்தானே இவர்களை இறக்கினார்கள்? லயத்தை விட்டுப் போ என்று சொன்னபோது எங்களுக்காக எந்தக் கிராணி எழுதினான்?" இதற்கு எம்மிடம் பதிலில்லை. தோட்டங்கள் வீட்டு மனைகளாக விற்கப்பட்டபோது, மூன்று தலைமுறை இருந்த குடும்பங்கள் சாமான்களை லாரியிலேற்றிப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனதை இந்த வட்டாரத்தார் அறிவர். அந்த அம்மையாரின் கோபம் பொறாமையன்று, அநுபவம். ஆனால் கோபம் போய் விழும் இடத்தைத்தான் நாம் ஒப்பவில்லை. கூலியைக் குறைத்தவன் கப்பலிலோ விமானத்திலோ வந்தவனல்லன். அவன் தலையை எண்ணிக் காசு வாங்குகிறவன். கங்காணியின் தலைக்காசு ஒழிந்துவிட்டதென்று நினைத்தோம். அது ஏஜெண்டாகவும் ஒப்பந்தக்காரராகவும் உடை மாற்றிக்கொண்டது. வேனில் போகும் அம்மையாரின் கூலியிலும், லயத்திலிருக்கும் வங்காளியின் கூலியிலும் ஒரே கைதான் நுழைந்து வருகிறது. அவ்விருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வரையில் அந்தக் கைக்குச் சௌகரியம்.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். பிறருடைய கடப்பிதழை உரிமையின்றி வைத்திருப்பது குற்றமென்று 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டமே சொல்லுகிறது. நாம் சாவியை இடுப்பில் முடிந்து திரிந்த நாட்களிலும் அச்சட்டம் உயிரோடுதான் இருந்தது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் கட்டாய உழைப்பின் அடையாளங்களென்று 11 குறிகளை வகுத்திருக்கிறது. அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைத்தல் அவற்றுள் ஒன்று, கடனிற் பிணைத்தல் இன்னொன்று. இவையெல்லாம் காகிதத்தில் இருந்தன. 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பைக் காரணங் காட்டி, மலேசியாவின் இரண்டு பெருந்தோட்ட நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் துறைமுகத்திலே தடுத்தது. அதன்பின் ஆளுக்கொரு சிறு இரும்புப் பெட்டியும் சாவியும் பல தோட்டங்களில் வந்து சேர்ந்தன. அறத்துக்குத் திறவாத அலமாரி எண்ணெய் வியாபாரத்துக்குத் திறந்தது. எதனால் திறந்தாலென்ன, திறந்ததே போதும் என்பார் உண்டு. பெட்டிச் சாவியை வாங்கியவனும் அப்படித்தான் சொல்வான். ஆனால் எம்மைப்போன்ற கிராணிமார் அவ்வாறு சொல்லித் தப்பிக்கலாகாது. அந்தச் சாவியை நாம் கொடுக்கவில்லை. எம்மிடமிருந்து வாங்கிக் கொடுத்தார்கள்.

சென்ற மாதம் எம் தோட்டத்துக்குப் புதிதாய்ப் பன்னிருவர் வந்திறங்கினார்கள். இரவு வெகு நேரம். விமான நிலையத்திலிருந்து நேரே வந்த வேன். ஒருவன் செருப்பைக் கையிற் பிடித்துக்கொண்டு ஈர மண்ணில் இறங்கி, கிழக்கு எது என்று கேட்டான். விவரம் குறித்துக்கொண்டு, புத்தகத்தை அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தோம். அவர்களில் மூத்தவன் அதை உடனே வாங்கவில்லை. இதற்கு ஏதேனும் பணம் கட்ட வேண்டுமோ என்று எம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பழைய தோட்டத்தில் ஓடிப்போனவனின் கடப்பிதழ், நாம் அங்கிருந்து விலகிய நாளிலும் அலமாரியின் இரண்டாந் தட்டில் இருந்தது. சாவியை அடுத்த கிராணியிடம் ஒப்படைக்குமுன் ஒருமுறை எடுத்துப் பிரித்துப் பார்த்தோம். படத்தில் மீசை இன்னும் சரியாய் அரும்பவில்லை. திரும்ப வைத்துவிட்டு வந்தோம்.