உறக்கமும் நடுவழியும்



கால்களில் இரத்தம் கசிய நடைத் தியானம் புரிந்த சோணருக்கு, வீணை நரம்பை மிக முறுக்கலும் மிகத் தளர்த்தலும் ஆகாதென்று பகவன் புத்தர் உணர்த்தினார். உறக்கத்திற்கும் அந்நடுவழியே பொருந்தும்.

இருமுனை மனநோயுற்றார்க்கு எழுச்சிக் காலத்தில் மூன்று மணி உறங்கினும் களைப்புத் தோன்றாது. சோர்வுக் காலத்தில் சிலர்க்கு உறக்கம் வாராது, சிலர்க்கு விழிப்பே வாராது. உறக்கக் குறைவு எழுச்சியின் முன்னறிகுறி. அதனைத் தூண்டவும் வல்லது. ஆதலின் அவர் இரவெல்லாம் விழித்து ஓதுவதைச் சிரத்தையென்று நாம் புகழ்தல் தீங்காம். வைசாகப் பூரணை இரவிலும் அவரை நேரத்தோடு படுக்கச் செய்வதே நம் கடன்.

நாடோறும் ஒரே வேளையில் எழுதல், மாலைக்குப்பின் தேநீர், காப்பி நீக்கல், படுக்கையில் கைப்பேசி தவிர்த்தல், உறங்கிய மணிகளைக் குறித்தல் ஆகியவை உதவும். உறக்கம் குறைந்தும் களைப்பின்றி இரண்டொரு நாள் கழியுமாயின் மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். தியானம் மருந்துக்கு மாற்றன்று. லித்தியம் முதலிய மருந்துகளைத் தாமே நிறுத்தலாகாது. ஜீவகர் அளித்த மருந்தைப் பகவனே ஏற்றாரன்றோ!

திருவனந்தபுரத்து ஊளம்பாறையின் பெயரை ஏளனமாக வழங்குவோர் உளர். 1870-இல் தோன்றிய அம்மனநல மருத்துவமனை நோய் தீர்க்கும் இடமேயன்றி நாணத்திற்குரியதன்று. 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணிலும் இரவு பகலாக ஆலோசனை பெறலாம்.

மைத்திரியின் பயன்களுள் முதலாவது இனிது உறங்கல் என்பது தம்மம். நோயுற்றாரைக் கடியாது, அவர்தம் உறக்கத்தைக் காப்பதும் மைத்திரியே.