ரம்பத்தின் உயிர் எது?

டெல்டா நிறுவனம் 1939இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் யூனிசா என்ற மேசை ரம்பத்தை வெளியிட்டது. 10 அங்குல அலகு, வார்ப்பிரும்பு மேசை, மேசை அசையாமல் அலகு மட்டும் சாயும் அமைப்பு ஆகியவை அதன் சிறப்புகள். தொடக்க கால யூனிசாக்கள் பலவற்றில் 1 எச்.பி. ரிபல்ஷன்-இண்டக்‌ஷன் மோட்டார் இருந்தது. அவற்றில் கணிசமானவை இன்றும் ஓடுகின்றன. தடித்த ஓக் பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது அந்த மோட்டார் திணறுகிறது. உரிமையாளர் 3 எச்.பி. மோட்டாரைப் பொருத்திவிட்டால், அது 1939இன் ரம்பம்தானா? பழம்பொருள் ஆர்வலர் கவலைப்படும் இந்தக் கேள்வி, மெய்யியல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வியே.

கிரேக்கக் கதை வீரன் தீசியஸின் கப்பலில் மட்கிய பலகைகளை ஏதென்ஸ் மக்கள் ஒவ்வொன்றாக மாற்றிவந்தனர். அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் பிளவுபட்டதைப் புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். பௌத்த மரபு இன்னும் கடுமையாகப் பேசுகிறது. பாலி நூலான மிலிந்த பஞ்ஹாவில், தேர் என்பது அச்சா, சக்கரமா, சட்டமா என்று மிலிந்த மன்னனிடம் துறவி நாகசேனர் வரிசையாகக் கேட்கிறார். எதுவும் தேர் அல்ல. உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பது அவர் நிலைப்பாடு. இதை ஏற்றால் மோட்டார் மாற்றம் பற்றிய கவலை பெருமளவு கரைந்துவிடும். ஆனால் எந்த மாற்றம் ரம்பத்தைக் கெடுக்கும், எது காக்கும் என்று பிரித்துக் காட்ட இந்த விடை மட்டும் போதாது.

அந்தப் பிரிவுக்கு அரிஸ்டாட்டில் உதவுகிறார். இயற்பியல் பற்றிய நூலின் இரண்டாம் பகுதியில் அவர் ரம்பத்தையே எடுத்துக்காட்டாக வைக்கிறார்: அறுப்பதற்காகவே ரம்பம் இருக்கிறது, அதனால்தான் அது இரும்பாக இருந்தாக வேண்டும். பயனே பொருளைத் தீர்மானிக்கிறது. ஆன்மா பற்றிய நூலில், கோடரி உயிருள்ள உடலாக இருந்தால் கோடரியாக இருக்கும் தன்மையே அதன் ஆன்மா என்கிறார். இயற்கைப் பொருளுக்கு இயக்கத்தின் மூலம் தனக்குள் உண்டு, செய்பொருளுக்கு அது வெளியிலிருந்து வருகிறது என்பதும் அவர் வகுத்த வேறுபாடு. மோட்டாரைச் சுமந்திருக்கும் ரம்பம் தானே இயங்குவதுபோலத் தோன்றினாலும், அதன் விசை சுவரிலிருந்து வரும் மின்சாரமே. வீட்டுப் பட்டறைக்கான பழைய ரம்பங்கள் பல மோட்டார் இல்லாமலே விற்கப்பட்டன; வாங்கியவர் தமக்குக் கிடைத்த மோட்டாரைப் பின்னால் தொங்கவிட்டு பெல்ட் மாட்டிக்கொண்டார். அத்தகைய ரம்பத்தில் மோட்டாரை மாற்றுவது அதன் அடையாளத்தைத் தொடுவதே இல்லை. சமதளமான மேசை, ஆடாத அச்சு, அலகுக்கு இணையாக நிற்கும் தடுப்புச் சட்டம் ஆகியவற்றின் துல்லியமே அறுப்பை அறுப்பாக்குகிறது. ரம்பம் இருப்பது அங்கேதான்.

ஆகவே பலவீனம் என்று சொல்லப்படுவதும் பெரும்பாலும் மோட்டாரின் குணமாக இருப்பதில்லை; மோட்டாருக்கும் வேலைக்கும் இடையிலான பொருத்தத்தில்தான் அது இருக்கிறது. மழுங்கிய அலகு எந்த மோட்டாரையும் திணறடிக்கும். 1/8 அங்குலத் தடம் வெட்டும் அலகுக்குப் பதில் 3/32 அங்குல அலகைப் போட்டால், அகற்ற வேண்டிய மரம் கால் பங்கு குறைகிறது. நீளவாக்கில் அறுக்க 24 பல் அலகு போதும். நெருங்கிய பற்கள் தூளை வெளியேற்றத் தடுமாறும். தடுப்புச் சட்டம் கோணியிருந்தால் மரம் அலகை இறுக்கிப் பிடிக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் மோட்டார் வாங்குவது நோய் அறியாமல் மருந்து கொடுப்பதாகும். கருவியைக் குறைசொல்வதற்கு முன் அதன் கூர்மையைச் சோதிப்பது கருவிக்குச் செய்யும் நியாயம்.

அதற்குப் பிறகும் விசை போதாவிட்டால் மாற்றலாம். ஆனால் ரம்பத்தின் வடிவம் அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒற்றை வி-பெல்ட்டில் ஓடும் இலகுவான ரம்பத்தில் 3 எச்.பி.யை ஏற்றினால் பெல்ட் வழுக்கும். மோட்டாரின் எடையும் இழுவையும் அலகைத் தாங்கும் வார்ப்புகளைச் சோதிக்கும். யூனிசாவுக்கோ மூன்று பெல்ட்டுகள் உண்டு. நிமிடத்துக்கு 1,725 சுற்று மோட்டாரை எடுத்துவிட்டு 3,450 சுற்று மோட்டாரைப் போட்டால், புல்லியின் விட்டத்தையும் மாற்ற வேண்டும். இல்லையேல் அலகின் வேகம் இரட்டிப்பாகி ஆபத்தாகும். சுழலும் திசை தலைகீழானால் அலகைப் பிடித்திருக்கும் நட் கழன்றுவிடக்கூடும். 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பால் 1,800 வாட்டுக்கு மேல் தர முடியாது, 3 எச்.பி. என்பதே 2,238 வாட் என்பதால் 240 வோல்ட் இணைப்பு தேவை. புதிய விசை பழைய வடிவத்துக்கு அடங்கி நடக்கும்வரை ரம்பம் அதுவே. மோட்டாருக்காக அச்சு, தாங்கிகள், சட்டகம் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டத் தொடங்கினால், பழைய மேசையைத் தலையில் வைத்த வேறொரு இயந்திரம் உருவாகிறது.

யூனிசாவின் முதல் மோட்டார்தான் இந்த வாதத்துக்குக் கடினமான சோதனை. அது கடையில் வாங்கித் தொங்கவிட்ட மோட்டார் அல்ல. ரம்பத்தின் அடிப்பெட்டிக்கும் அதிலுள்ள மோட்டார் தாங்கிக்கும் ஏற்ற வடிவில் அமைந்தது. பின்வந்த மோட்டாருக்குத் தாங்கியையே மாற்ற வேண்டும். இங்கே வரலாற்றுப் பொருளில் ஒன்று உண்மையாகவே இழக்கப்படுகிறது. ஆயினும் தாங்கியைப் போல்ட் கழற்றி மாற்றலாம். பெட்டியில் ஒரு துளைகூடப் புதிதாகப் போட வேண்டியதில்லை என்றால் இழப்பு மீட்கக்கூடியது. கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல் என்று மெய்யியலாளர் ஹாப்ஸ் 1655இல் கேட்டார். ரம்ப விஷயத்தில் அந்தச் சிக்கல் எழுவதில்லை. அலமாரியில் எண்ணெய் பூசி வைத்த பழைய மோட்டாரைக் காட்டி, யூனிசா இதோ என்று யாரும் சொல்வதில்லை. அது யூனிசாவின் மோட்டார் மட்டுமே. வாங்குபவர் விரும்பினால் மீண்டும் பொருத்திக்கொள்ள, பழைய தாங்கியோடும் போல்ட்டுகளோடும் அதை ரம்பத்துடனேயே கொடுப்பதுதான் முறை.