சைவவுணவும் சைவவொழுக்கமும்

சைவம் என்னுஞ் சொல் சிவசம்பந்தமுடையது என்று பொருள்படுவது. அச்சொல் இக்காலத்து உணவுச்சாலைகளின் பெயர்ப்பலகையிலும், கலியாணப் பந்தியிலும், 'தாங்கள் சைவமா அசைவமா' என்னும் வினாவிலும் வழங்கி, உண்ணும் பொருளின் பெயராகவே சுருங்கி நின்றது. இச்சுருக்கம் நமக்குப் பெருமையோ சிறுமையோ என ஆராயுங்கால் இரண்டும் உண்டென்றே தோன்றுகின்றது. ஒரு சமயத்தின் பெயர் கொல்லாவுணவின் பெயராயினமை பெருமை. அவ்வுணவோடு சமயம் முற்றுப்பெற்றதென்று பலர் எண்ணுதற்கு அஃது இடந்தந்தமை சிறுமை.

இவ்வாராய்ச்சிக்கு வாயிலாயது, சடையங்குப்பத்துக் குடும்பத்தார் ஒருவர் எம்பால் வந்து நிகழ்த்திய வினாக்களாம். சடையங்குப்பம் என்பது திருவொற்றியூருக்கு வடமேற்கே, மணலிக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட தாழ்ந்த நிலத்தின்கண் உள்ளதோர் ஊர். சடையன் என்னுஞ் சிவநாமத்தைத் தன் பெயரிற் கொண்டது. நம் சுந்தரமூர்த்தி நாயனாரின் தந்தையார் பெயரும் சடையனாரே என்பது அன்பர்கள் அறிந்தது. அங்குள்ள அக்குடும்பத் தலைவர் மணலியில் ஓர் ஆலையிற் பணிபுரிபவர். அவர் மனைவியார் எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்த மீனவர் குடியிற் பிறந்தவர். ஒரு மகள், கல்லூரியிற் பயில்பவள். மீனின்றி அவர் வீட்டிற் சோறில்லை என்னும்படி வாழ்ந்தவர்கள்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயல் பெருமழை பொழிந்தது. அப்பொழுது மணலித் தொழிற்பகுதியினின்று எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரந்தது. அலையாத்தி மரங்களின் வேரும் அடிமரமும் கறுத்தன. மீன்கள் செத்து மிதந்தன. கூழைக்கடா முதலிய நீர்ப்பறவைகள் சிறகில் எண்ணெய் பூசியபடி பறக்கமாட்டாது நின்றன. அத்திங்கள் முடியுமுன்னரே, 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயொன்றினின்று அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்தனர். இவையெல்லாம் நாடறிந்த செய்தி.

அதன்பின் அக்குடும்பத்தார் மீனை விடுத்தனர். சின்னாளிற் பிற புலாலையும் விடுத்தனர். மீன்குழம்பிற்குக் கூட்டும் அதே புளியும் மிளகாயும் மாங்காயுங் கூட்டிக் கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் வேகவைத்து உண்ணப் பழகினர். கேழ்வரகும் கம்பும் பயறும் கொள்ளும் அடுக்களையிற் புகுந்தன. கடைக்குத் துணிப்பையும் தூக்குச்சட்டியும் எடுத்துச் செல்கின்றனர். காய்கறித் தோலை மண்தொட்டியில் இட்டு உரமாக்கி, உவர்நிலத்தில் எதுவும் செழியாமையால் மெத்தைமேற் சட்டிகளிற் கீரை வளர்க்கின்றனர். நன்று. ஆயினும் அவருள்ளம் அமைதியுறவில்லை. தலைவர் வினாவியது இது: 'ஐயா, நாங்கள் மீனை விட்டது இரக்கத்தாலன்று; எண்ணெய் நாற்றத்தாலும் நோய்க்கு அஞ்சியும் விட்டோம். இஃது அறமாகுமா?' மகள் வினாவியது: 'மீனை விட்ட நாம் பாலைமட்டும் ஏன் விடவில்லை?' அம்மையார் வினாவவில்லை. தம் மகள் பாட்டி வீட்டிற் கைநனைப்பதில்லை என்று மட்டும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எமக்கு அஃதே பெரிய வினாவாகப் பட்டது.

கொல்லாமைக்குச் சித்தாந்தங் கூறும் ஏதுவை முன்னர்க் காண்போம். உயிர்கள் அநாதி, ஒருவராற் படைக்கப்பட்டனவுமல்ல, அழிக்கப்படுவனவுமல்ல. அற்றேல், அழியாத உயிரைக் கொல்லுதல் யாங்ஙனம், கொலையிற் பாவம் யாது எனின், கூறுதும். ஆணவத்தாற் கட்டுண்ட உயிர் தன் வினையை நுகர்ந்து பக்குவம் எய்துதற்பொருட்டு, இறைவன் கருணையால் மாயையினின்று தனுவும் கரணமும் புவனமும் போகமும் கூட்டுகின்றான். மீனுடலும் அங்ஙனம் அருளாற் கூட்டிய கருவியே. அதனை இடைமுறித்தல், நோய் செய்தலோடு, அருட்செயலின் குறுக்கே கைநீட்டுதலுமாம். இதுபற்றியே திருமூலர் முதற்றந்திரத்திற் கொல்லாமையையும் புலான்மறுத்தலையும் வெவ்வேறு தலைப்பில் வைத்தோதினர். சாந்தலிங்க அடிகள் கொலைமறுத்தல் என்று தனிநூலே செய்தனர். அதற்குத் திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள் உரை கண்டனர். அருட்பா மருட்பாப் பூசலில் எதிரெதிர் நின்ற இராமலிங்க வள்ளலாரும் ஆறுமுக நாவலரும் புலாலொழித்தற்கண் சிறிதும் வேறுபட்டாரல்லர். இப்பெரியோரிருவரும் ஒருமனப்பட்ட இடங்கள் மிகச் சில. அவற்றுள் இஃதொன்று என்பதை அன்பர்கள் மறத்தலாகாது.

மரஞ்செடிகளும் உயிரே, அவற்றை உண்பது கொலையன்றோ என்பார் எக்காலத்தும் உளர். பெரும்பாலும் அவ்வினா செடியின்மேல் இரக்கத்தாற் பிறப்பதன்று. விளைந்து முற்றித் தானே காய்வது நெல். கனிந்து தானே உதிர்வது கனி. அன்றியும், புலாலுண்பவன் செடியைக் காத்தவனுமல்லன். ஆடும் கோழியும் வளர்க்கும் மீனும் தீனியாகத் தின்பன தாவரமே. 2018-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' என்னும் இதழில் வெளிவந்த ஆராய்ச்சி, 119 நாடுகளின் ஏறத்தாழ 38,000 பண்ணைகளை ஆராய்ந்தது. இறைச்சி, வளர்ப்பு மீன், முட்டை, பால் ஆகியன உலக விளைநிலத்தில் நூற்றுக்கு 83 பங்கைக் கொண்டு, மக்கள் உண்ணும் உணவாற்றலில் 18 பங்கையே தருகின்றன என அது கண்டது. ஆகவே செடிக்கு இரங்குவாரும் செடியையே நேரே உண்டல் முறையாம்.

இனித் தலைவரது வினா. அச்சத்தால் விட்டது அறமோ எனின், தொடக்கத்தில் அதனை இகழவேண்டா. சரியை கிரியை யோகம் ஞானம் என்னும் நாற்பாதத்துள் உடலாற் செய்யுஞ் சரியையே முன்வைக்கப்பட்டது. கை முதலில் விடும். மனம் பின்னர் விடும். ஆயின் மனம் விடாதவழி, கை மீண்டும் பற்றும். நாற்றம் பற்றி மீனை விட்டவன் நாறாத மீன் கிடைத்தபொழுது வாங்குவான். கழிமுகம் தெளிந்து, நல்ல இறாலும் மடவையும் கூடை கூடையாய் வருநாளில் அவர் வீட்டு அடுப்பு என் செய்யும் என்பதே அவருக்குத் தேர்வு. அந்நாள் விரைவில் வருக என்று நாம் வேண்டவேண்டும். அவர் நோன்பு சோதிக்கப்படுதற்காகவன்று, ஆறு பிழைத்தற்காக.

அச்சம் அவரை ஓர் உண்மைக்குக் கொண்டுசென்றது என்பதும் உண்டு. எண்ணூரில் மடிந்த உயிர்களை யாரும் தூண்டிலிட்டுப் பிடிக்கவில்லை; வாளால் வெட்டவில்லை; தின்னவுமில்லை. 'கொன்றாற் பாவம் தின்றாற் போச்சு' என்று பாமரர் சாக்குச் சொல்வதுண்டு; அச்சாக்குக்கும் இடமில்லாத வீண்கொலை அது. கத்தியின்றி நிகழுங் கொலையை நம் கொல்லாமைக்கணக்கிற் சேர்த்தோமா? திருவள்ளுவர் புலான்மறுத்தல் அதிகாரத்தில் உண்பவனையும் விற்பவனையும் ஒரு கயிற்றிற் பிணைத்தார். வாங்குபவன் உளனாதலினாலே விலைக்கு ஊன் தருபவன் உளன் என்பது அவர் கருத்து. அக்கயிறு இறைச்சிக்கடையோடு அறுந்துபோவதன்று. வண்டிக்கு ஊற்றும் எண்ணெயும், வீட்டிற் புகும் மின்சாரமும், ஒருமுறை பிடித்து எறியும் நெகிழிப்பையும் யார் பொருட்டு ஆக்கப்படுகின்றன? காலையிற் பூசித்துச் சைவவுணவு உண்டு, அப்பூசைக்கு வாங்கிய நெய்யின் உறையையும் பூமாலை வந்த பையையும் கால்வாயில் எறியும் அன்பர்களை யாம் கண்டுள்ளோம். அவர் இலையில் ஊனில்லை. எறிந்தது மாட்டின் வயிற்றிலோ ஆமையின் வயிற்றிலோ புகுதல் கூடும். தமிழ்நாட்டரசு ஒருமுறை பயனாகும் நெகிழிப்பொருள்களை 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து விலக்கியது. 2021-இல் மஞ்சட்பையை மீட்கும் இயக்கமும் தொடங்கிற்று. சட்டத்தால் வருமுன்னரே சைவர் விலக்கியிருக்கவேண்டியது அது.

யாம் பயின்ற திருமடத்துப் பாடசாலையில் 'சுற்றுச்சூழல்' என்னுஞ் சொல்லை ஒருவரும் வழங்கியதில்லை. உண்ட இலை பசுக்கொட்டிலுக்குச் சென்றது. கழுநீர் தொட்டிக்குச் சென்றது. நிருமாலியப் பூ நந்தவனத்துக் குழிக்குச் சென்றது. எறியும் இடம் என்று ஒன்றும் அங்கு இருந்ததில்லை. சடையங்குப்பத்துக் குடும்பத்தார் புதுமையாகக் கற்றனவற்றிற் பாதி, அம்மடத்து மடைப்பள்ளியில் நாள்வழக்கு.

அங்ஙனமாயின் மின்விளக்கையும் அணைத்துவிடுவதோ எனின், அன்று. விலக்கற்கு இயல்வது வேறு, இயலாதது வேறு. உழுங்காற் புழு மடிதல் பற்றி உழவை ஒருவரும் விலக்கவில்லை. உடம்பு உள்ளதுணையும் சிறுதீங்கு உடனுறையும். இயலுவதைச் செய்யாமைக்கு இயலாததைக் காட்டுதலே குற்றம்.

திருவொற்றியூரிற் சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய்த் தொழில்புரிந்த கலிய நாயனாரை ஈண்டு நினைக்கின்றோம். பொருள் குன்றியபொழுது பிறர் செக்கிற் கூலிக்கு உழைத்தார். அதுவும் இல்லாதபொழுது, விளக்கெரியத் தம் உதிரத்தையே எண்ணெயாக்கத் துணிந்தார். அவரிருந்த ஊரின் பக்கத்தே ஆற்றில் எண்ணெய் வீணே மிதந்து உயிர் குடித்தது.

இனிப் பாலைப்பற்றிய வினா. இதுவே கற்றோரும் தடுமாறும் இடம். 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முதலிய சிலர், புலால் தவிர்ப்பாருள்ளும் பால் முட்டைகளையும் விடுப்பார்க்கென ஒரு சங்கம் கூட்டி, 'வீகன்' என்று பெயரிட்டனர். அப்பெயரைக் கேட்ட நம்மவர் சிலர், பாலும் நெய்யும் பஞ்சகவ்வியமும் ஆகமத்தில் விதிக்கப்பட்டிருக்க, இப்பெண் அதனைப் பழித்தாளென்று சினந்தனர். யாம் சினந்திலேம். சேய்ஞலூரில் விசாரசருமர் வரலாற்றைச் சற்றே நோக்குக. ஆயனொருவன் பசுவைக் கோலால் அடித்தது பொறாமல் அவர் தாமே நிரை மேய்க்க ஏற்றார். அவர் மேய்த்த பசுக்கள் தம் கன்றுக்கும் உடையவர்க்கும் குறைவின்றிப் பால் தந்து, அதன்மேலும் தாமே சொரிந்த பாலைக்கொண்டே அவர் மணலிலிங்கத்தை ஆட்டினார். மூலன் இறந்தபொழுது பசுக்கள் கதறியது பொறாதன்றோ திருமூலர் அவனுடலிற் புகுந்தார்? ஒரு கன்றின்பொருட்டு மகனைத் தேர்க்காலிலிட்டான் திருவாரூர் மன்னன். நம் நூல்கள் பாலைப் போற்றுமிடத்தெல்லாம் பசுவும் கன்றும் மகிழ்ந்து நிற்கின்றன. அவ்விதியின் உயிர் அதுவே.

இன்று கடையில் உறையிலடைத்த பாலுக்குப் பின்னால் அங்ஙனம் நிற்கின்றனவா? காளைக்கன்று உழவுக்கு வேண்டப்படாதொழிந்தது. பல விடங்களில் அஃது ஊட்டப்படாது வாடுகின்றது, அல்லது விற்கப்படுகின்றது. பால்வற்றிய பசு எங்குச் செல்கின்றது என்பதை யாரும் அறிவர். ஆதலின், கன்று நிறையக் குடித்தபின் கறந்து, வற்றியபின்னும் காக்கும் இல்லத்துப் பாலை உண்பதிற் குற்றமில்லை என்பதும், அதனை அறியவியலாதவழி விடுத்தல் உயர்வென்பதும் எம் துணிபு. அப்பெண் விடுத்தது பிழையன்று. வீட்டு முதியோரையும் விடுமாறு வற்புறுத்தல் பிழை. பாலை முற்றும் விடுப்போர்க்குப் பி12 என்னும் உயிர்ச்சத்து தாவரவுணவிற் போதிய அளவு கிட்டாதாதலின், மருத்துவரைக் கேட்டு அதனைத் தனியே கொள்ளுதல் வேண்டும். உடம்பைப் பேணுதலும் அறத்தின்பாற்படும். அபிடேகத்திற்கு என் செய்வது எனின், தூயநீரும் வில்வமும் இறைவனுக்குப் போதா என்று எவ்வாகமமும் கூறிற்றிலது.

எஞ்சியது அம்மையாரது கண்ணீர். மகளுக்கு யாம் கூறியது சற்றுக் கடுமையாகவே இருந்தது. 2014-ஆம் ஆண்டு அரசினர் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேரின் மேற்பட்டோர் புலாலுண்பவர். சிவாலயத்துத் தேர்வடம் பிடிப்போரும் அவர்களே. நம் திருக்கோயில்கள் அவர்கள் தோளில் நிற்கின்றன. நாகையிற் பரதவர் குலத்து அதிபத்தர் நாடோறும் வலையில் வந்த தலைமீனை இறைவனுக்கென்று கடலில் விட்டார். ஒரே மீன் கிடைத்து வறுமையுற்ற நாளிலும் விட்டார். பொன்மீன் ஒன்றே கிடைத்த நாளிலும் விட்டார். இதைக் காட்டி மீனுண்ணலாம் என்று வாதிப்பார் உளர். அஃதொவ்வாது, அவர்பாற் போற்றப்பட்டது அன்பும் கொடையுமேயன்றி வலையன்று. இதனையே மறுபுறம் திருப்பினால், வலைபற்றி அவரை இகழ்தற்கும் நமக்கு வாயில்லை என்பது பெறப்படும். அறுபத்துமூவர் வரிசையில் அவர் நிற்க, நாம் கீழே நின்று கும்பிடுகின்றோம்.

அன்றியும், அந்த டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்துக் கரிய எண்ணெயைப் படகிற் சென்று, குவளையாலும் வாளியாலும், பல நாள் கையாலே முகந்தவர் யார்? அக்கழிமுகத்து மீனவரே. தோல் எரியக் கண் எரிய அவர் முகந்தனர். மீனைத் தொடாத நாமோ வீட்டிலிருந்து செய்தி படித்தோம். அக்கூட்டத்தில் நின்றவருள் அவள் மாமனும் ஒருவர் என்று அம்மையார் பின்னர்த்தான் சொன்னார்.

'பாட்டி சட்டியில் மீன் வேகும், ஐயா' என்றாள் அப்பெண். 'வேகட்டும் அம்மா, உன் பாட்டியாரிடம் கேழ்வரகுக் கூழ் கேள், வெங்காயங் கேள், கூடவே அமர்ந்து குடி' என்றோம். சிறிது பொழுது ஒன்றும் பேசாது இருந்தாள்.

தலைவர் எழுந்திருக்கும்பொழுது, தம் ஆலைப்பணியை விட்டுவிடவோ என்று மெல்லக் கேட்டார். வேண்டாவென்றோம். குழாய் கசிவதை வெளியிலிருப்போர் ஆறு கறுத்தபின்னரே அறிவர். உள்ளிருப்பவர் முன்னரே அறிவர். அறிந்ததை மேலிருப்பார்க்கு எழுத்தாற் கூறுவீரா என்று யாம் வினாவ, அதற்கு வேலை போகலாமே என்றார். அஃதுண்மை. அதற்கு விடை எம்மிடத்தில்லை, அவரும் கேட்டிலர்.