சுமையோடு அளத்தல்

என் மருமகன் செய்த சிறு படகு, கையில் ஏந்தியிருக்கும்போது விர்ரென்று சுழலியைச் சுழற்றிவிட்டு, கல்லடி வாவியில் இறக்கியதும் திணறி நின்றுவிட்டது. "மாமா, றைவர் எரிஞ்சிபோச்சு, புதிசொண்டு வாங்கோணும்" என்றான். மோட்டருக்கு மின்னை வழங்கும் சிறு சுற்றையே அவன் அவ்வாறு குறிப்பிட்டான். பழுது நேர்ந்தவிடத்துக் கண்ணில் முதலிற் படும் பொருளின்மேற் குற்றஞ்சாட்டுவது மனித சுபாவம்.

முற்றத்தில் வாளித் தண்ணீரை வைத்து மல்ரிமீற்றரால் அளந்தோம். சுழலி காற்றிற் சுழல்கையில் பற்றரியில் ஆறு வோல்ற்று குறைவின்றி நின்றது. நீருள் அமிழ்த்தி அளந்தபோதோ, பற்றரி ஐந்துக்குச் சற்று மேலே இறங்கியிருக்க, மோட்டரின் முனைகளில் மூன்றுகூட வந்து சேரவில்லை. இடையில் மறைந்ததற்குக் காரணம் உண்டு. அந்த றைவரிலுள்ள எல் 298 என்னும் ஐ.சி. பழைய வகைத் திரான்சிற்றர்களால் ஆனது; மின்னோட்டம் அவற்றுள் இரண்டைக் கடந்தே மோட்டரை அடையவேண்டியிருப்பதால், ஓர் அம்பியர் செல்லும்போது ஏறக்குறைய இரண்டு வோல்ற்று வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரியில் இந்நஷ்டம் பெரிதாகத் தோன்றாது. ஆறு வோல்ற்றிலோ மூன்றிலொரு பங்கு. அதே வகையிற் புதிதொன்று வாங்கியிருந்தால் அதுவும் இவ்வாறே திணறியிருக்கும். இந்நஷ்டம் குறைந்த மொஸ்பெற் வகை றைவரைப் பொருத்தியபின் படகு ஓடிற்று.

ஓய்ந்துபோன பற்றரிகூடச் சுமையின்றி அளந்தால் நிறைவுக்கு அண்மித்த அளவைக் காட்டுவதுண்டு. ஆதலின் எப்பொருளின் சக்தியையும் அது உழைக்கும் நேரத்தில், அதுவும் அதன் வாசலில் வந்து சேர்ந்தது எவ்வளவு என்று பார்த்தே நிர்ணயித்தல் நியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மனிதர் விஷயத்தில் இந்த நியாயத்தை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். வாவியின் மேற்கே படுவான்கரையில், வயலும் குளமும் சூழ்ந்த கிராமங்களில், 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை பாதை எனப்படும் மிதவையில் ஏறி நீரைக் கடந்தே நகருக்கு வந்த மக்களின் பிள்ளைகள், கிழக்கே எழுவான்கரைப் பிள்ளைகள் எழுதும் அதே சாதாரணதரப் பரீட்சையை எழுதுகிறார்கள். அனுப்பப்பட்டது ஒன்றாகவும் வந்து சேர்ந்தது வேறாகவும் இருக்கையில், "இந்தப் பிள்ளைக்கு மூளை காணாது" என்று தீர்ப்புச் சொல்வது பெரும் அநீதி. பெறுபேற்றைக் கையில் வைத்துப் பேசுவோரே, அப்பிள்ளையின் வகுப்பிற் கணித ஆசிரியர் எத்தனை மாதம் இருந்தார் என்பதை முதலில் விசாரியுங்கள்.